லேடீஸ் சீட்டில் விழுந்த துண்டு

என் பெண்டாட்டி முனீஸ்வரிக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நர்ஸம்மா கூடவே மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்கள். கனமாக எதையும் தூக்கக் கூடாது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. வயிறு குலுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பின்னால் சொன்ன இரண்டும் எவ்வளவு கஷ்டம் என்பது பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. எனக்குப் பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் லோடுமேன் வேலை. அன்றைக்கும் விடியற்காலையில் இரண்டு லாரி இறக்கிவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தேன். கண் எரிந்தது. தோள் இரண்டும் யாரோ கழற்றி மாட்டியது போல இருந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் மருமகன் தன் காரில் எங்களைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

"இங்கருந்து ஆட்டோ பிடிச்சிரலாமா?" என்று முனீஸ்வரியிடம் கேட்டேன்.

"ஆட்டோவா? அது குலுக்குற குலுக்குல தையலு பிரிஞ்சு நடுரோட்டுலயே கொட்டிரும். பஸ்ஸுல ஒரு எடம் மட்டும் பிடிச்சுக் குடுங்க, அலுங்காம வந்துருவேன்."

"சரி."

"முன்னாடி எடமாப் பாருங்க. டயருக்கு மேல வேணாம். தூக்கித் தூக்கிப் போடும்."

அவளை ஒரு தூண் ஓரமாக சிமெண்டுத் திண்டில் உட்கார வைத்தேன். மருந்துப் பையும் ஸ்கேன் படமும் அவள் மடியில். நான் பஸ் வருகிற பக்கம் போய் நின்றேன். அப்போது மணி நாலரை இருக்கும்.

டவுன் பஸ்ஸில் ஏறத் தெரியாதவர்கள், நின்ற இடத்தில் நின்றால் பஸ் வந்து நிற்கும் என்று நினைப்பார்கள். அது அப்படி வராது. முன்னால் ஒரு பஸ் மறித்துக்கொண்டிருந்தால் ஐம்பது அடி பின்னாலேயே நின்றுவிடும். அங்கே ஓடினால், மறித்த வண்டி நகர்ந்து, நம்ம பஸ் நம்மைத் தாண்டி முன்னால் போய் நிற்கும். கூட்டமே ஒரு மந்தை மாதிரி முன்னும் பின்னும் ஓடும். போதாததற்குப் புது பஸ்களில் நெற்றியில் எழுத்து ஓடுகிற பலகை வைத்திருக்கிறார்கள். நான் நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன். எங்கள் சமயநல்லூர் பஸ்ஸுக்கு 'ச' என்று பிடித்து 'சமய' வரைக்கும் வருவதற்குள் அது ஓடிப்போய் வேறு என்னமோ வந்துவிடும். நின்ற எழுத்தைத்தான் எனக்குப் படிக்க வரும், ஓடுகிற எழுத்து வராது. அதனால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டுக்கொள்வேன். அவர் நல்ல மனுஷனாக இருந்தால் பதில் வரும். காதில் ஒயர் மாட்டியிருந்தால் வராது.

முக்கால் மணி நேரம் போனது. திருமங்கலம் போகிற பஸ் ஆறு வந்தது. எங்கள் ரோட்டுக்கு ஒன்றும் வரவில்லை. திரும்பித் திரும்பி முனீஸ்வரியைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ரோட்டப் பாருங்க, என்னயப் பாக்காதீங்க" என்று கையைக் காட்டினாள்.

கடைசியில் சமயநல்லூர் பஸ் வந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் ஊர் முகங்கள் நாலைந்து அதைப் பார்த்து ஓடின. நானும் ஓடினேன். பஸ் நிற்பதற்கு முன்பே அதன் இடது பக்கமாகக் கூடவே ஓடி, ஜன்னல்களை எண்ணினேன். மூன்றாவது ஜன்னல். டயருக்கு ரொம்ப முன்னால். உள்ளே போட என்னிடம் ஒரு பை கிடையாது, கைக்குட்டை கிடையாது. தலையில் கட்டியிருந்த சும்மாட்டுத் துண்டை உருவி உள்ளே எறிந்தேன். மூட்டை தலையில் அழுத்தாமல் இருக்கச் சுருட்டி வைப்போமே, அந்தத் துண்டு. சீட்டின் நடுவில் போய் அழகாக விழுந்தது.

துண்டு போட்டால் இடம் நம்முடையது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மதுரைப் பக்கத்து பஸ்ஸில் அதை மீறுகிறவனை ஊரே சேர்ந்து ஏசும்.

முனீஸ்வரியைக் கூட்டிவரத் திரும்பி நடந்தபோதுதான் உறைத்தது. இடது பக்கம் பெண்கள் பக்கம். அங்கே ஒரு ஆம்பளைத் துண்டு, அதுவும் வேர்வை நாற்றம் பிடித்த லோடுமேன் துண்டு. எந்தப் பெண்பிள்ளை அதற்கு மரியாதை கொடுப்பாள்? இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வேகமாகப் போனால்தான் உண்டு.

ஆனால் வேகமாகப் போக முடியவில்லை. முனீஸ்வரி எழுந்து நிற்கவே ஒரு நிமிஷம் ஆனது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை என் தோளில் போட்டு, அடி மேல் அடி வைத்து வந்தாள். தூணுக்கும் பஸ்ஸுக்கும் முப்பது எட்டுதான் இருக்கும். பாதி தூரம் வந்திருப்போம், விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

"அண்ணே! ஆள் இருக்கு! நிப்பாட்டுங்கண்ணே!"

அவளை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். பஸ்ஸின் பின்பக்கத்தைக் கையால் அடித்தேன். இரண்டு மூன்று அடி அடித்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் முனீஸ்வரி நடுவழியில் தனியாக நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடிக்கிறது. பஸ்ஸை விட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

"போச்சா?" என்றாள்.

"போச்சு."

"துண்டு?"

"அதும் அதுலயே போகுது."

"நல்லதாப் போச்சு. அத எத்தன நாளா எரிக்கணும்னு நெனச்சேன்."

அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் டிரைவரை, கண்டக்டரை, ரோட்டை, என்னை, எல்லாரையும் மனசுக்குள் ஏசினேன். இரண்டாயிரம் மூட்டையை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற எனக்கு, ஒரு பொம்பளையைப் பத்துக் கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை.

அடுத்து வந்த பஸ் ஆரப்பாளையம் வரைக்கும்தான் போகும் என்றார்கள். இங்கே நிற்பதற்கு அங்கே போய் மாறிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டோம். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது பஸ் இல்லை, திணித்த சாக்கு. உட்கார்ந்திருந்தவர்கள் மடியிலெல்லாம் பையும் பிள்ளையும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் நிற்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் முன்பக்கக் கம்பி இரண்டையும் இரண்டு கையால் பிடித்து, காலை அகட்டி, முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்து, என் நெஞ்சுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டாக்கினேன். அதற்குள் முனீஸ்வரி நின்றாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் என் முதுகில் நாலு மூட்டை வந்து இடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தாள். சிம்மக்கல்லில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். வலிக்குதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. வலிக்குது என்று சொன்னால் என்ன செய்வேன்?

ஆரப்பாளையத்தில் இறங்கியபோது அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"இனிமே நிக்க முடியாது," என்றாள். "எங்கயாச்சும் தரையில உக்காந்துக்குறேன்."

உட்கார இடம் தேடினேன். அப்போதுதான் ஒரு சத்தம்.

"யேய்! துண்டுக்காரவுகளே! லோடுமேனண்ணே! இங்கிட்டு! இங்கிட்டுப் பாருங்க!"

நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் சமயநல்லூர் பஸ் நின்றது. எங்களை விட்டுவிட்டுப் போன அதே பஸ். மூன்றாவது ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல். அந்தக் கை என் சும்மாட்டுத் துண்டைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது.

முன்பக்கப் படிக்கட்டில் கண்டக்டர் ஒரு கையில் டீ கிளாஸோடு நின்றார். "மெதுவா வாங்கக்கா, அவசரமில்ல. எனக்கு டீ இன்னும் முடியல," என்றார். டீ கிளாஸ் காலியாக இருந்தது.

பஸ்ஸுக்குள் முப்பது பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் நெருக்கித் தள்ளுகிறது. அத்தனை பேருக்கும் நடுவில் மூன்றாவது சீட்டில் ஜன்னல் ஓரமாக வளையல்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பெரியாரிலிருந்து இங்கே வரைக்கும் அந்த இடத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. நம்பவே முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் அகல இடம் என்பது, தண்ணிக்குள்ளே ஒரு காய்ந்த இடம் மாதிரி.

வளையல்காரி எழுந்து முனீஸ்வரியை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். சின்னத்தாய் என்று பேர். விளாங்குடிக்காரி. டவுனில் கீரை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிறவள். பெண்கள் கூட்டத்தில் நான் நிற்க முடியாது என்பதால் பின்பக்கம் ஏறச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவள் பேசியது பஸ் முழுக்கக் கேட்டது.

"கேளுங்க மதினி. வண்டி கெளம்பவும் பாக்குறேன், லேடீஸ் சீட்டுல ஒரு ஆம்பளத் துண்டு. எந்தப் பய வேலைடான்னு தூக்கி எறியத்தேன் போனேன். இந்த டீச்சரம்மாவும் உக்கார வந்தாக. அப்பறந்தேன் யோசிச்சேன். அவனுக்கு எடம் வேணும்னா அந்தப் பக்கமில்ல போட்டுருப்பான்? இந்தப் பக்கம் போட்டிருக்கான்னா அது ஒரு பொம்பளைக்குத்தேன். சரி, நல்லாருக்க பொம்பளன்னா அவளே ஓடியாந்து பையத் தூக்கி எறிஞ்சிருவா. நானெல்லாம் புருசன நம்பியா எடம் பிடிக்கேன்? ஓடியார முடியாதவளுக்குத்தேன் ஆம்பள ஓடியாருவான். பிள்ளத்தாச்சி, இல்லாட்டி நோக்காடு. அப்ப நாம எப்பிடி உக்கார?"

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற டீச்சர், ஸ்யாமளா என்று பிறகு பேர் சொன்னார்கள், கண்ணாடி போட்ட கொஞ்சம் வயதான அம்மா. "எனக்கும் முட்டி வலிதாம்மா," என்றார். "ஆளே ஏறலையே, பஸ் கெளம்பிடுத்தேன்னு நானும் சொல்லிப் பாத்தேன். இவ விட்டாத்தானே? துண்டைத் தூக்கி மோந்து வேற பாத்தா."

"மோந்தேன்ல! வெங்காயச் சருகு ஒட்டிக் கெடந்துச்சு டீச்சர். அப்ப பரவை மார்க்கெட்டு ஆளு. மார்க்கெட்டு ஆளுன்னா இந்த ரோட்டுலதேன வரணும்? பின்னாடி வார வண்டியில வருவாகன்னு கண்டக்டர்ட்ட சொன்னேன். வந்தீகளா இல்லையா?"

"வந்தோம்," என்றாள் முனீஸ்வரி. அவள் சீட்டின் முதுகில் சாய்ந்து கண்ணை மூடினாள். அவள் தோள் இறங்கியதைப் பின்னால் இருந்தே பார்த்தேன். என் முதுகிலிருந்தும் ஒரு மூட்டை இறங்கியது.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், "எங்களுக்காகவாண்ணே நின்னீங்க?" என்று கேட்டேன். காசிமாயன் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. அது நின்ற எழுத்து என்பதால் படித்துவிட்டேன்.

"டிரைவர் அண்ணே கண்ணாடில பாத்துட்டாரு. ஒரு ஆளு பஸ்ஸ அடிச்சுக்கிட்டே ஓடியாந்தான், அப்பறம் திரும்பி ஓடுறான், பொம்பள வயித்தப் பிடிச்சு நிக்கிதுன்னாரு. அங்ஙன நிப்பாட்டுனா பின்னாடி நிக்கிற அம்புட்டு வண்டியும் நம்மள ஏசுவான். அதான், ஆரப்பாளையத்துல டீ குடிச்சுட்டு எடுப்போம்னுட்டாரு. எனக்கு டீயே பிடிக்காதுண்ணே. அவருக்காகக் குடிச்சேன்."

"லேட்டாகலையா?"

"அதெல்லாம் எங்க பாடு. நீங்க அந்தத் துண்ட மட்டும் அடுத்த தடவ தொவைச்சுட்டுப் போடுங்க."

அது முன்னால் கேட்டுவிட்டது. "அதச் சொல்லுங்க!" என்று சின்னத்தாய் திரும்பிக் கத்தினாள். "லோடுமேனண்ணே, உள்ளதச் சொல்லட்டா? நான் சொன்னதுக்காக ஒருத்தியும் உக்காராம இருக்கல. இந்த நாத்தத்துக்குப் பயந்துதேன் உக்காரல!"

பஸ்ஸே சிரித்தது. முனீஸ்வரி இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு, "மதினி, வேணாம், சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சினாள்.

அதற்குப் பிறகு டிரைவர் ஓட்டியதைத்தான் நான் சொல்ல வேண்டும். அவர் முகத்தை நான் கடைசி வரை பார்க்கவில்லை. நரைத்த பின்தலையும் ஒரு காக்கித் தோளும்தான் தெரிந்தது. வழக்கமாக இந்த ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்சீட்டுக்காரன் கூரையைத் தொட்டுவிட்டு வருவான். அன்றைக்கு ஒவ்வொரு தடையிலும் முன் சக்கரம் ஏறியதும் பஸ் ஒரு மூச்சு நின்றது. பிறகு இறங்கியது. பின் சக்கரத்துக்கும் அதே மாதிரி. கட்டுக்கட்டாக வாழை இலையை ஏற்றிப் போகிறவன் ஓட்டுவது போல. பைக்கில் ஒருத்தன் குறுக்கே வந்தபோது கூட சடக்கென்று மிதிக்கவில்லை. முன்கூட்டியே கண்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவனைப் போக விட்டார். நின்றுகொண்டிருந்த எங்களில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழவில்லை.

லாரியில் மூட்டை ஏற்றுவதற்குத் தெம்பு இருந்தால் போதும். இறக்குகிறபோதுதான் ஆளின் வேலை தெரியும். பலம் இருக்கிறவன் தொப்பென்று போடுவான். வேலை தெரிந்தவன் முட்டியை மடக்கி, மூட்டைக்கே தெரியாமல் தரையில் வைப்பான். எங்கள் மண்டியில் அப்படி வைக்கிறவர்கள் இரண்டு பேர்தான். அந்த டிரைவர் எங்கள் மண்டிக்கு வந்தால் மூன்றாவது ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

விளாங்குடியில் சின்னத்தாய் கூடையோடு எழுந்தாள். எழுந்த கையோடு டீச்சரைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்தாள்.

"உக்காருங்க டீச்சர். எம்மேல கோவம் போச்சா?"

"உன் மேல கோவப்பட்டா நாளைக்கு யாரு எனக்குக் கீரை தருவா?"

"மதினி, வாரேன். உடம்பப் பாத்துக்கங்க. ஆறு மாசத்துக்குக் கொடத்தத் தூக்கிராதீக. அண்ணன் தூக்கட்டும், அவுக தூக்குறவுகதேன?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் கூடை தலையில் ஏறி, ரோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

எங்கள் தெரு முனையில் ஸ்டாப் கிடையாது. ஸ்டாப் அதற்கு ஒரு பர்லாங் முன்னால். முனீஸ்வரியிடம் எங்கே வீடு என்று டீச்சர் கேட்டிருக்க வேண்டும். டீச்சர் டிரைவரிடம் ஏதோ சொன்னார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி மெதுவாகப் போனது. எங்கள் தெரு முனையில் வாய்க்கால் பாலத்துக்குக் கட்டிய சிமெண்டுச் சுவர் ஒன்று முழங்கால் உயரத்துக்கு, இரண்டு ஆள் நிற்கிற அகலத்தில் இருக்கும். டிரைவர் பஸ்ஸை அதன் ஓரமாக ஒட்டினார். ஒரு சாண். அரைச் சாண். நாலு விரல் இடைவெளியில் நிறுத்தினார். பஸ்ஸின் படியும் சுவரும் ஒரே மட்டம். முனீஸ்வரி இறங்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசலில் அடியெடுத்து வைப்பது போல டீச்சர் கையைப் பிடித்து வெளியே நடந்தாள். ஒரு குலுக்கல் இல்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதுதான் தப்பு. என்னைச் சுற்றிப் பத்துப் பேர். பின்பக்கப் படிக்கட்டில் மூன்று பேர் தொங்குகிறார்கள்.

"எறங்கணும், எறங்கணும்!" என்று நான் முண்டுவதற்குள், "அக்கா எறங்கியாச்சு, போலாம் ரைட்!" என்று முன்னால் இருந்து நாலைந்து பெண் குரல் ஒரே நேரத்தில் கேட்டது. விசில். பஸ் கிளம்பிவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலத்துச் சுவரில் முனீஸ்வரி மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பஸ் போகிற திசையில் கையை ஆட்டினாள். டிரைவருக்கு ஆட்டினாளா, டீச்சருக்கு ஆட்டினாளா தெரியவில்லை. எனக்கில்லை.

காசிமாயன் என்னைக் கண்டுபிடித்தபோது அடுத்த ஸ்டாப் வந்திருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, உங்கள மறந்துட்டமேண்ணே!"

"பரவால்ல தம்பி. எறக்க வேண்டியத எறக்கிட்டீங்க."

இறங்கி வந்த வழியே நடந்தேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். கால் கெஞ்சியது. விடியற்காலையிலிருந்து சாப்பிட்டது நாலு இட்லி. காலையில் யாராவது இப்படி என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் அவன் வம்சத்தையே ஏசியிருப்பேன். அன்றைக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பஸ் போன பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பாலத்துக்கு வந்தபோது முனீஸ்வரி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது.

"எங்க போனீங்க? நோயாளி நானு, வழி தெரியாமப் போனது நீங்களா?"

"வலிக்குதா?"

"இல்ல. வண்டியில வலிக்கல. இப்ப உங்களப் பாத்துத்தேன் சிரிப்பு வருது, சிரிச்சா இழுக்குது. பேசாம வாங்க."

கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு இன்னும் நூறு எட்டு. ஒவ்வொரு எட்டாக வைத்து நடந்தோம்.